நகராட்சியே கரண்ட் வாங்கித் தருகிறதாம், சேரலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், நேஷனல் கிரிட் என்ற மின்விநியோக நிறுவனத்தின் பகுதியில் வசிக்கிறோம். மாதம் சுமார் 700 யூனிட் ஓடும், கூரையில் சோலாரும் உண்டு. யூனிட் 14.2 சென்டுக்கு 24 மாதம் மின்சாரம் தருவதாகவும், மறுக்காவிட்டால் தானாகவே சேர்த்துவிடுவதாகவும் எங்கள் நகராட்சியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இப்போது 15.4 சென்ட் கட்டுகிறோம். இது மோசடியா?

பதில்: கேட்காமலே சேர்ப்பதைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் இது 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் அனுமதித்த ஏற்பாடு. ஊரிலுள்ள வீடுகளின் தேவையை மொத்தமாகக் காட்டி, நகராட்சி ஒரு சப்ளையரிடம் விலை பேசி முடிக்கிறது. கடிதம் உண்மையானதா என்பதை நகராட்சியின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

பில்லில் ‘டெலிவரி’ (கரண்டை வீடுவரை கொண்டுவரும் கட்டணம்), ‘சப்ளை’ (கரண்டின் விலை) என இரண்டு பகுதிகள் இருக்கும். மாறுவது சப்ளை பகுதி மட்டும். பில் அனுப்புவதும், மீட்டர் பார்ப்பதும், கரண்ட் போனால் வந்து சரிசெய்வதும் பழையபடி நேஷனல் கிரிட்தான். டெலிவரி கட்டணத்தில் ஒரு காசு குறையாது. ‘பில் பாதியாகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கணக்குப்படி யூனிட்டுக்கு 1.2 சென்ட் மிச்சம், மாதம் 8 டாலர் 40 சென்ட். ஆனால் 15.4 என்பது நிலையான விலை அல்ல. வேறு சப்ளையர் இல்லாத வீடுகளுக்கு நேஷனல் கிரிட் போடும் அடிப்படை விலை அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், பெரும்பாலும் குளிர்காலத்தில் ஏறும். 2022 நவம்பரில் அது 33.9 சென்டுக்குப் போனது. முன்பே விலையைப் பூட்டிவைத்திருந்த ஊர்களை அந்த ஏற்றம் தொடவில்லை. இதற்கு நேர்மாறாக, அடிப்படை விலை 14.2-க்குக் கீழே இறங்கவும் கூடும். கண்டிப்பாக லாபம் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. எனவே 8 டாலரைவிட நான் பெரிதாக மதிப்பது, அபராதமின்றி எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற விதியை. அது கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். விலகினால் உடனே மாறாது, அடுத்த மீட்டர் ரீடிங் வரையாவது ஆகும். விலகிய பிறகு திரும்பச் சேர்ந்தால் பழைய விலை கிடைக்காமல் போகலாம்.

சோலாரைப் பற்றிய பயம் வேண்டாம். நெட் மீட்டரிங் கிரெடிட்டை, அதாவது நீங்கள் திருப்பி அனுப்பும் உபரி சோலார் கரண்டுக்குப் பில்லில் கழிக்கும் தொகையை, நேஷனல் கிரிட் தன் அடிப்படை விலையை வைத்தே கணக்கிடும், சப்ளையர் யாராக இருந்தாலும். 100 சதவீதப் பசுமை மின்சாரம் என்ற தெரிவுக்கு யூனிட்டுக்கு 2 சென்ட் கூடுதல் என்றால், உங்களுக்கு மாதம் 14 டாலர் அதிகம். அது சிக்கனம் அல்ல, விருப்பம்.

ஏற்கெனவே வேறு தனியார் சப்ளையரிடம் ஒப்பந்தம் இருந்தால் தானாகச் சேர்க்க மாட்டார்கள். பில்லின் சப்ளை பகுதியில் யார் பெயர் என்று பாருங்கள். தனியார் பெயர் இருந்தால், அதை முறிக்க அபராதம் உண்டா என்று கேட்ட பிறகே மாறுங்கள்.

உண்மையான ஆபத்து வாசலில் வந்து நிற்கும். ‘நகராட்சித் திட்டத்திலிருந்து வருகிறோம், பில்லைக் கொஞ்சம் காட்டுங்கள்’ என்பார்கள். காட்டாதீர்கள். பில்லிலுள்ள கணக்கு எண் கிடைத்தால் போதும், உங்களை வேறு சப்ளையருக்கு மாற்றிவிட வழியுண்டு. நகராட்சித் திட்டத்தில் சேர யாரிடமும் பில் காட்டத் தேவையே இல்லை.

அபராதமில்லை என்பது உறுதியானால் சேருங்கள். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. வேண்டாம் என்றால் மட்டும், கடிதத்திலுள்ள கடைசித் தேதிக்குள் மறுப்பு அட்டையைத் தபாலில் போடுங்கள். அடிப்படை விலை மாறும்போதெல்லாம் 14.2-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.