விபத்தில் கால் போனது, கிடைத்த இழப்பீடு குறைவு: மேல்முறையீடு செய்யலாமா?

லாரி ஓட்டுநரான உங்கள் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டு, தீர்ப்பாயம் கொடுத்த தொகை போதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டம் 173-ஆவது பிரிவின்படி, தீர்ப்பு வந்த 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். ஆனாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனு போடுங்கள்.

முதலில் தீர்ப்பில் ஊனத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் நடக்கிறது. மருத்துவச் சான்று 60 சதவீதம் என்றால் வருமான இழப்பும் 60 சதவீதம்தான் என்று போட்டுவிடுவார்கள். அது சரியல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பார்க்க வேண்டியது அந்த ஊனம் அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதை. எழுத்தர் ஒருவர் கை இழந்தாலும் வேலையில் தொடரலாம். ஓட்டுநருக்கோ தச்சருக்கோ அது கிட்டத்தட்ட முழு இழப்பு. உங்கள் அண்ணன் இனி லாரி ஓட்ட முடியாதே! இதையே முதல் வாதமாக வையுங்கள்.

அப்புறம், எதிர்கால வருமான உயர்வு சேர்த்தார்களா, செயற்கைக் காலை மாற்றும் செலவு, உதவியாளர் செலவு உண்டா என்று பாருங்கள். மனுவில் கேட்டதைவிட அதிகமாகவும் நீதிமன்றம் கொடுக்கலாம்.

காப்பீட்டு நிறுவனமே மேல்முறையீட்டுக்குப் போனால், அதிலேயே குறுக்கு ஆட்சேபம் (தனி மேல்முறையீடு போடாமல், அவர்கள் வழக்கிலேயே நீங்கள் தீர்ப்பை எதிர்த்து வைக்கும் மனு) தாக்கல் செய்து கூடுதல் தொகை கேட்கலாம்.