குழந்தையோட ரத்த மரபணு டெஸ்ட் நார்மல், அப்போ பெக்வித்-வீடமன் (உடம்போட சில பகுதிகள் அளவுக்கு மீறி வளர்ற பிறவி மரபணு நோய்) இல்லையா?

இல்லைன்னு முடிவு கட்ட முடியாதுங்க. உங்க குழந்தைக்கு இருக்கறதா நீங்க எழுதின பெரிய நாக்கு, ஒரு கால் மட்டும் தடிப்பா நீளமா இருக்கறது, இந்த ரெண்டுமே இந்த நோய்க்கான 2018 சர்வதேச வழிகாட்டுதல்ல முக்கிய அறிகுறிகள். ரெண்டும் சேர்ந்திருந்தா, மரபணு ரிப்போர்ட் எப்படி வந்தாலும் டாக்டர் நோயை உறுதி செய்யலாம்.

ரத்த டெஸ்ட் நார்மலா வர்றதுக்குப் பெரும்பாலும் காரணம் மொசைக். மாற்றம் சில செல்கள்ல மட்டும் இருக்கும், ரத்தத்துல சிக்காது.

ரிப்போர்ட்ல '11ஆம் குரோமோசோம் மெத்திலேஷன்' (ஜீன்களை ஆன்/ஆஃப் பண்ற ரசாயனக் குறிகள்) பார்த்ததா போட்டிருக்கா? எக்ஸோம் (ஜீன்களோட எழுத்து வரிசையைப் படிக்கற டெஸ்ட்) மட்டும்னா அது இந்தக் குறிகள்ல இருக்கற மாற்றத்தைப் பெரும்பாலும் பிடிக்காது. நாக்கைக் குறைக்க ஆபரேஷன் நடந்தா, வெட்டியெடுக்கற திசுவையே டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. அதை வீணாக்கக் கூடாது.

ஒண்ணு மட்டும்: இந்த ரிப்போர்ட்டை நம்பி வயிற்று ஸ்கேனை நிறுத்திடாதீங்க. சிறுநீரகக் கட்டி வரலாம்ங்கறதால 7 வயசு வரை 3 மாசத்துக்கு ஒருமுறை எடுக்கறது வழக்கம். எந்தக் குழந்தைக்கு எவ்வளவுன்னு மரபியல் டாக்டர்தான் சொல்லணும்.