ஆர்எம்மாட் மறுத்தால் முதலில் மாட்யூலின் நிலையைப் பாருங்கள்

லினக்ஸில் நீங்கள் எழுதிய கேரக்டர் டிவைஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை பைட் பைட்டாகப் படிக்க, எழுத உதவும் நிரல்) ஒரு மாட்யூலாக, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் பகுதியாக, இருக்கிறது; அதை ரீபூட் செய்யாமல் நீக்கப் பார்க்கிறீர்கள். மாட்யூலை நீக்கும் கட்டளையான ஆர்எம்மாட் (rmmod) 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கிறது. ப்ராக் அடைவில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பில் (/proc/modules) அந்த மாட்யூலின் வரியில் அதன் நிலையைப் பாருங்கள்.

'லைவ்' என்றிருந்தால் கவலை வேண்டாம். அந்த டிவைஸ் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸை (இயங்கும் நிரலை) எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை காட்டும். அதை நிறுத்திவிட்டு மறுபடி ஆர்எம்மாட் கொடுங்கள்.

'லோடிங்' என்றிருந்தால், பெரும்பாலும் மாட்யூல் ஏறும்போது ஓடும் இனிட் ஃபங்ஷன் நடுவிலேயே கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேரும் கடும் பிழை) ஆகியிருக்கும். லைவ் நிலைக்கு வராத மாட்யூலைக் கெர்னல் நீக்க விடாது. கட்டாயப்படுத்தும் -எஃப் போட்டாலும் அந்தச் சோதனையைத் தாண்ட முடியாது. ரீபூட்தான் வழி. அதற்குமுன் கெர்னல் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையின் வெளியீட்டைத் தவறாமல் சேமியுங்கள், எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்பது அதில்தான் இருக்கிறது. அடுத்த சோதனையை தயவுசெய்து விர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள்.