யார் பெயரில் பதிவானது?

அன்புள்ள ஐயா,

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெண் கண்டுபிடிப்பாளர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் தேடிப் பார்த்தேன். காப்புரிமை வாங்கியவர்களில் பெண்கள் மிகக் குறைவு. அவர்களிலும் பாத்திரம் கழுவும் இயந்திரம் மாதிரி வீட்டுச் சாமான் செய்தவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். பெண்களுக்கு இயந்திரங்களில் நாட்டம் குறைவு என்றுதானே இதற்கு அர்த்தம்? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகள் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்கிறாள், அதனால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

மகள் தாராளமாக மெக்கானிக்கல் படிக்கட்டும். அதற்கு அமெரிக்க வரலாற்றின் சிபாரிசு எதற்கு?

காப்புரிமை என்பது ஒரு சொத்து. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே பெரும்பாலான மாநிலங்களில் திருமணமான பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவன் கைக்குத்தான் போயின. கட்டணம், வக்கீல், மாதிரி இயந்திரம் என்று செலவு வேறு. அந்தப் பட்டியலை வைத்து நாட்டத்தை எப்படி அளப்பது?

மார்கரெட் நைட்டைப் பாருங்கள். சிறுமியாகவே நியூ ஹாம்ப்ஷயரில் பருத்தி ஆலை வேலைக்குப் போனவர். தறியில் நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா தெறித்து ஒருவரைக் காயப்படுத்தியதைப் பார்த்து, அதைத் தடுக்கும் அமைப்பு ஒன்றை யோசித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பிறகு மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் காகிதப் பை கம்பெனி வேலை. அப்போது இயந்திரம் செய்த பைகள் தபால் உறை மாதிரி இருக்கும். அடி தட்டையான பை வேண்டுமென்றால் கையால்தான் ஒட்ட வேண்டும். காகிதத்தை வெட்டி, மடித்து, அடியை ஒட்டித் தரும் இயந்திரத்தை நைட் முதலில் மரத்தில் செய்தார். இரும்பில் செய்யக் கொடுத்த பட்டறையில் அதைப் பார்த்த சார்லஸ் அனன் என்பவர் தன் பெயரில் காப்புரிமைக்குப் போய்விட்டார்! நைட் வழக்குப் போட்டார். இத்தனை சிக்கலான இயந்திரம் ஒரு பெண்ணுக்குப் புரியாது என்று அனன் தரப்பு வாதாடியதாகச் சொல்வார்கள். நைட் தன் வரைபடங்களையும் குறிப்பேடுகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி ஜெயித்தார். 1871இல் கிடைத்த அந்தக் காப்புரிமையின் எண் 116842. வரைபடம் இணையத்திலேயே இருக்கிறது, மகளிடம் காட்டுங்கள். அப்புறம் ஷூ அடித்தோல் வெட்டும் இயந்திரம், சுழல் எஞ்சின் என்று போய்க்கொண்டே இருந்தார். இதில் அடுப்படி எங்கே வந்தது?

சரி, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கே வருவோம். இல்லினாய்ஸின் ஜோசஃபின் காக்ரேன் பாத்திரம் தேய்த்துச் சலித்தவர் அல்ல. வசதியான வீடு. வேலைக்காரர்கள் கழுவும்போது பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்தன, அது பொறுக்கவில்லை. 1883இல் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்தபின் இயந்திரம் செய்வது பிழைப்பாகவே ஆனது. தட்டுகளைக் கம்பிச் சட்டத்தில் நிறுத்தி, வெந்நீரை வேகமாகப் பீய்ச்சும் ஏற்பாடு, 1886இல் காப்புரிமை. இயந்திரத்தை வாங்கியவர்கள் குடும்பத் தலைவிகள் என்று நினைக்காதீர்கள். சிகாகோவின் பெரிய ஹோட்டல்கள். கணவரோ அப்பாவோ இல்லாமல் எங்கும் போய்ப் பழகாத அவருக்கு, ஒரு ஹோட்டலின் முன்கூடத்தைத் தனியாகக் கடந்து ஆர்டர் கேட்கப் போனதுதான் பெரும்பாடாக இருந்ததாம். எனக்கு இயந்திரத்தைவிட அந்த நடை பெரிதாகப் படுகிறது.

மார்த்தா காஸ்டன் கதை வேறு. கப்பல்கள் இரவில் சேதி சொல்லிக்கொள்ள நிற நிறமாக எரியும் சமிக்ஞை மத்தாப்பு அவருடையது. இறந்த கணவரின் அரைகுறைக் குறிப்புகளிலிருந்து தொடங்கி, வருடக்கணக்கில் உழைத்து அதற்கு உருவம் கொடுத்தார். வாணவேடிக்கைக்காரர்களுக்கு ஆண் பெயரில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1859 காப்புரிமையில் கண்டுபிடித்தவர் கணவர்; மார்த்தா அவருடைய சொத்தை நிர்வகிப்பவர், அவ்வளவுதான். தன் பெயரில் ஒன்று வாங்க அவருக்கு 1871 ஆனது.

எலன் எக்லினுக்கு அதுகூட இல்லை. வாஷிங்டனைச் சேர்ந்த கறுப்பினப் பெண். துணி பிழியும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, 1888இல் ஒரு முகவருக்கு 18 டாலருக்கு விற்றுவிட்டார். ஏன் விற்றீர்கள் என்று கேட்டபோது, கறுப்பினப் பெண் செய்தது என்று தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாங்க மாட்டார்கள் என்று அவரே காரணம் சொன்னார். நீங்கள் எண்ணிப் பார்த்த கணக்கில் அவர் எந்தப் பக்கம் வருவார்?