நரம்பும் ஓமோனும்: வாசகர் கேள்விகள்

சூடான தாச்சியில் கை பட்டால் முதலில் கை இழுபடுகிறது, பிறகுதான் எரிகிறது. ஏன்? (உயர்தர மாணவி, உப்புவெளி)

கையை இழுக்கும் கட்டளை முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணிலேயே பிறந்துவிடுகிறது. மூளைக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. அதோடு, தசையை இயக்கும் தடித்த நார்களில் செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் ஓடும். நின்று எரியும் அந்த வலியைச் சுமக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாத நார்களில் 0.5 முதல் 2 மீற்றர்தான்.

கடற்கரையில் நாய் துரத்தியது. அது போன பிறகும் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லையே? (திருகோணமலை நகர்)

உடம்பை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு இதயத்தை நேரே விரட்டுகிறது. அதே நரம்புத் தொகுதியின் ஒரு கிளை சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியின் மையவிழையத்தை, அதாவது உட்பகுதியைத் தூண்டி அதிரினலின் என்ற ஓமோனை இரத்தத்தில் கொட்டவைக்கிறது. நரம்பு ஓய்ந்தாலும் இரத்தத்தில் கலந்தது பாதியாகக் குறையவே 2, 3 நிமிடம் வேண்டும். பாடநூல்களில் நரம்புக்கு ஒரு நிரல், ஓமோனுக்கு ஒரு நிரல் என்று அட்டவணை போடுவது பரீட்சைக்குச் சரி. உடம்பில் அப்படிக் கோடு கிடையாது.

அப்பாவுக்கு இன்சுலின் ஊசி. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது வியர்த்து, நடுங்கி, கதை குழறுகிறது. சீனி கூடியதா, குறைந்ததா? (கன்னியா)

குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் நடுக்கமும் பரிவு நரம்பும் அதிரினலினும் எழுப்பும் அபாய மணி. கதை குழறுவது மூளைக்குக் குளுக்கோசு போதாததால். சீனி பார்க்கும் மீற்றர் கையில் இருந்தால் பாருங்கள்: டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் 15 கிராம் சீனி, அதாவது மட்டமாக 3, 4 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மீற்றர் இல்லையென்றாலும் கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை, ஏறினால் சாப்பாடு. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சீனி கொடுத்தும் கதை தெளியாவிட்டாலும் அழையுங்கள், பாரிசவாதமாகவும் இருக்கலாம்.

நடக்கும் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோசை இழுக்கும். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே ஏறினால் மருந்தும் வேகமாக உறிஞ்சப்படும். அன்றைக்கு வயிற்றில் போடுவது நல்லது. பிரஷருக்கோ படபடப்புக்கோ புரோப்பிரனலோல் குடிப்பவர் என்றால் கவனம்: நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

தைரொயிட் ஓமோனான தைரொக்சின் குளிசையைப் பிளேன்டீயோடு குடிக்கலாமா? நான் கர்ப்பிணி. (மூதூர்)

வேண்டாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் 30 முதல் 60 நிமிடம் விடுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் குளிசைகள் குடலிலேயே தைரொக்சினைப் பிடித்துவைத்துவிடும். 4 மணித்தியால இடைவெளி கட்டாயம். தைரொக்சின் குறைந்தால் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டைத் தூண்டும் ரி.எஸ்.எச். என்ற ஓமோனைக் கூட்டும், இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது அதைத்தான். குளிசையின் அளவை மாற்றியபின் ரி.எஸ்.எச். நிலைகொள்ள வழமையாக 6 வாரம் ஆகும். கர்ப்ப காலத்தில் அவ்வளவு காத்திருக்காமல் 4 வாரத்துக்கொரு முறை பார்ப்பார்கள். கர்ப்பத்தில் தேவையும் கூடும், ஆகவே அளவைக் கூட்டினால் பயப்பட வேண்டாம்.