ஏழு தப்படி டிரம் உருட்டு

கேள்வி: எங்கள் பள்ளி விழாவுக்கு ஆளுநர் வருகிறார். பேண்டில் நாட்டுப்பண்ணுக்கு முன் டிரம் உருட்ட வேண்டுமாமே? எவ்வளவு நேரம்?
– பேண்ட் பயிற்சியாளர், ராயபுரம்

பதில்: நாட்டுப்பண் வரப்போகிறது, எழுந்து நில்லுங்கள் என்று சபைக்குச் சொல்வதுதான் அந்த உருட்டு. உள்துறை அமைச்சக ஆணைப்படி, ஸ்லோ மார்ச்சில், அதாவது மெதுநடை அணிவகுப்பில், 7 தப்படி. ஆறேழு நொடிக்குள் முடிந்துவிடும். மெதுவாகத் தொடங்கி, முடிந்தவரை பலமாக ஏறி, பழையபடி இறங்க வேண்டும். ஏழாவது தப்படி வரை காதில் விழவேண்டும். பிறகு ஒரு தப்படி மௌனம். அதன்பின்தான் டிரம்பெட்டில் நாட்டுப்பண் தொடங்க வேண்டும்.

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். சத்தம் ஏற ஏறக் கையும் வேகமெடுத்து, ஏழு ஐந்தாகிவிடும். சத்தத்துக்குக் குச்சியின் உயரத்தைக் கூட்டினால் போதும், வேகத்தை அல்ல. நான்காவது தப்படியில் உச்சம் என்று வைத்து, ஒருவரை எதிரே நடக்கவிட்டுப் பழக்குங்கள். மௌனத் தப்படியை விழுங்கிவிட்டு டிரம்பெட் பாய்வது அடுத்த தவறு.

அணிவகுப்பு மரியாதையில் தேசிய சல்யூட்டாகவே நாட்டுப்பண் வாசித்தால் உருட்டு தேவையில்லை. எது உங்களுக்கு என்பதை நிகழ்ச்சி நிரலில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுப்பாடல் சுமார் 52 நொடி. ஸ்டாப்வாட்ச் வைத்தே ஒத்திகை பாருங்கள். 60-ஐத் தொட்டால் இழுக்கிறீர்கள். உங்கள் டிரம் பழைய ஆட்டுத்தோல் என்றால் காசிமேட்டு ஈரக் கடற்காற்றில் காலையிலேயே தளர்ந்து ‘தொப்’ என்று கேட்கும். எதிரெதிர்த் திருகுகளாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் சுருதி கோணும். வெயிலில் நின்ற பித்தளை வாத்தியத்துக்குச் சுருதி ஏறும். ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சரிசெய்யும் நகரும் குழாயை) சற்று வெளியே இழுத்தால் சரியாகும்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு பேண்ட் வேண்டாம். 2021 டிசம்பர் அரசாணைப்படி, பயிற்சி பெற்றவர்கள் 55 நொடியில் வாயால் பாட வேண்டும்.

கேள்வி: பிரதமர் வந்தாலும் நாட்டுப்பண் உண்டா? அமெரிக்க அதிபருக்கு மட்டும் ஏன் தனி மெட்டு?
– வாசகி, பெரம்பூர்

பதில்: சாதாரணமாகப் பிரதமருக்கு இல்லை, விசேஷ நேரங்களில் மட்டும். குடியரசுத் தலைவருக்கும், தம் மாநிலத்துக்குள் ஆளுநருக்கும்தான் அந்த மரியாதை. அமெரிக்காவில் அதிபருக்கு ‘ஹெய்ல் டு தி சீஃப்’. அதற்கு முன் டிரம் உருட்டும் பியூகிள் முழக்கமும் சேர்ந்து நான்கு முறை. இரண்டும் ஒரே கணத்தில் விழாவிட்டால் அசிங்கமாகக் கேட்கும். ‘ஹெய்ல் டு தி சீஃப்’ அவர்களுடைய தேசியகீதம் அல்ல. தேசியகீதம் வேறு.