ஹேவ்லாக் ஸ்கூபா பயணம்: இப்போதே இஎம்ஐயில் போகலாமா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 34,000. பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் போக 25,000 வரை மிஞ்சும். அவசரத்துக்கு என்று எஃப்டியில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு எட்டே முக்கால். இந்த டிசம்பரில் அந்தமான் ஹேவ்லாக் தீவில், கடற்கரை ரிசார்ட்டில் தங்கி நால்வரும் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசைப்படுகிறோம். ஐந்து இரவுக்கு விமானம், படகு, டைவிங் உள்பட 3 லட்சம் என்கிறார் ஏஜென்ட். பேக்கேஜ் தாளை இணைத்திருக்கிறேன். 14% வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் எடுக்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா, இல்லை ஏஜென்ட் சொல்லும் 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் போகலாமா? மனைவிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை.
- வாசகர், கோவை

பதில்: கடனைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தத் தாளைப் பாருங்கள். டைவிங்குக்கு ஆளுக்கு 6,000 வீதம் நான்கு பேருக்கு 24,000 ரூபாய் போட்டிருக்கிறார் ஏஜென்ட். பையனின் வயதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. சர்வதேசப் பயிற்சி அமைப்பான 'பாடி'யின் விதிப்படி, கடலில் முதல்முறை டைவ் செய்து பார்ப்பதற்கே 10 வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு 2 மீட்டர் ஆழத்துக்குள் சிலிண்டர் மாட்டிப் பழக ஒரு சின்ன நிகழ்ச்சி உண்டு, அவ்வளவுதான். நீங்கள் மூவரும் 12 மீட்டர் வரை இறங்கி மீன் பார்க்க, அவன் படகில் உட்கார்ந்திருப்பான். அதற்கு 6,000 ரூபாய்.

அவனுக்குப் பத்து வயது ஆக இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது. மாதம் 20,000 வீதம் பதினைந்து மாதம் ஆர்டி போட்டால் 3 லட்சம். 6.5% வட்டி என்று வைத்துக்கொண்டால், வரிக்கு முன் இன்னொரு 13,000 ரூபாய் சேரும். பையனின் வயதும் உங்கள் பணமும் ஒரே மாதத்தில் முதிர்வது போல ஒரு கணக்கு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை!

இப்போதே லோன் எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250 வரும். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 69,000 ரூபாய்க்கு மேல். ஆறு நாள் பயணத்துக்கு, பெண் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். எஃப்டியை உடைப்பது அதைவிட மோசம். வீட்டுத் தவணையையும் சேர்த்தால் உங்கள் குடும்பத்துக்கு மாதம் 90,000 ரூபாய் ஆகிறது. அந்த 1,80,000 இரண்டு மாதம்தான் தாங்கும். உண்மையில் அதையே கூட்ட வேண்டும். 'நோ காஸ்ட்' என்பதை நம்ப வேண்டாம். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். அவர் குறைக்கும் தொகைதான் வட்டி. செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனியாக வரலாம்.

ஆர்டி முதிரும்போது மறுபடியும் டிசம்பர் வந்துவிடும். ஆனால் அந்த டிசம்பரில் கிளம்ப வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விமானமும் அறையும் எட்டாத விலையில் இருக்கும். கையில் பணத்தோடு அப்போது டிக்கெட் மட்டும் போட்டுவிட்டு, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் போங்கள். மே மூன்றாவது வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கும் முன்பாக அந்தமானைத் தொட்டுவிடும் என்பதால் மே மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் சம்பளத்தில் எல்டிஏ எனப்படும் விடுமுறைப் பயணப்படி இருந்து, பழைய வரி முறையில் நீடிக்கிறீர்கள் என்றால், அந்தமான் உள்நாடு என்பதால் பயணக் கட்டணத்துக்கு வரிவிலக்கு கேட்கலாம். நான்கு ஆண்டுத் தொகுப்பில் இரண்டு பயணங்களுக்கு இது உண்டு. ரிசார்ட், சாப்பாடு, டைவிங் எதுவும் இதில் வராது. அதனால் விமானக் கட்டணத்துக்குத் தனி பில் கேட்டு வாங்குங்கள். மாலத்தீவுக்குப் போனால் இந்தச் சலுகை கிடையாது.

பேக்கேஜில் டைவிங்கை ஐந்தாம் நாள் மாலையில் வைத்து, மறுநாள் அதிகாலைப் படகைப் பிடித்துக் காலை விமானம் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு டைவ் செய்தாலே விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், பல டைவ் என்றால் 18 மணி நேரம். டைவிங்கை இரண்டாம் நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். வானிலை கெட்டு ரத்தானாலும் மாற்று நாள் கையில் இருக்கும். ரத்தானால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை 3 மீட்டரிலேயே காது அடைத்துக்கொண்டு மேலே வந்தவன் நான். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

மருத்துவக் காப்பீட்டில் ஸ்கூபா கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். பாலிசிகளில் வழக்கமாக வரும் விதிவிலக்கு, அதைத் தொழில்முறையாகச் செய்பவர்களுக்குத்தான். உங்கள் பாலிசியில் 'தொழில்முறையாக' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் வேறு கதை. சாகச விளையாட்டுகளை அவை மொத்தமாக ஒதுக்கியிருக்கலாம். அப்படியானால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் ஒரு வார இறுதிக்குப் புதுச்சேரி போய் வாருங்கள். அங்கே டைவிங் மையங்கள் இருக்கின்றன. குளத்துப் பயிற்சி உண்டா என்று கேட்டு, பெண்ணை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தண்ணீருக்குள் வாயால் மூச்சு விடுவது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்பது மூன்று லட்சம் செலவழித்த பிறகு தெரிவதைவிட அங்கே தெரிவது மலிவு.

மனைவியின் வீசிங்கை, சின்ன வயதோடு போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். டைவிங்குக்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் நுரையீரல், இதயம், காது பற்றியெல்லாம் கேட்பார்கள். மேலே வரும்போது நுரையீரலில் காற்று சிக்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் படிவத்தில் எதையும் மறைக்கக் கூடாது. டைவ் செய்யும் அன்று காலை மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டால் தீவில் அலைய வேண்டியிருக்கும். கோவையிலேயே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.